உப்பைக் கீழே வைத்த ரசவாதி

1

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சமையலறைக்குப் போகிறேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்புகிறேன். மாடிப்படியில் பாதி ஏறி இறங்குகிறேன். ஆற்றங்கரைக்கு நடக்கிறேன்; மழை வருகிறது; வீட்டுக்கு வந்தால் மழை நின்றுவிடுகிறது; மறுபடி கிளம்புகிறேன். "கால்ல சக்கரம் கட்டிவுட்ட மாதிரி சுத்தாதீங்க, பாக்கறவங்களுக்குத் தல சுத்துது" என்கிறாள் என் மனைவி செல்வி.

காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு விளையாட்டில் என் மகளைக் கல்லாக்கிவிட்டேன். வரும் சனிக்கிழமை அவள் படிப்புக்காக வேறு ஊருக்குப் போகிறாள். அதற்குள் அவள் என்னிடம் பேசுவாளா என்பதுதான் இப்போது என் கவலை.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஆனாலும் பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம். எழுதும்போது எதிரில் யாரும் இல்லை. தாம்பரத்தில் என்னைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால், "ஸ்டேஷன் பக்கத்து மெஸ்ஸில் தோசைக்கல்லுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டே நிற்பானே, அந்தக் குமாரா?" என்று கேட்பார்கள். அவன்தான். இப்போது அயர்லாந்தில் லிமெரிக் என்ற ஊரில், ஓர் இந்திய உணவகத்தில், அதே மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறேன். கல் மட்டும் கொஞ்சம் பெரியது.

2

மகள் பெயர் நிவேதா. நிவி என்போம். பீர்க்கன்கரணையில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் பிறந்தவள். நான் முதலில் வந்தேன். அவளும் செல்வியும் பிறகு வந்தார்கள். வந்த கொஞ்ச நாளிலேயே அவள் எனக்குக் குரலாகிவிட்டாள்.

ஏன் என்று சொல்கிறேன். முதல் தடவை குடியேற்ற அலுவலகத்துக்கு நான் தனியாகப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மா, என்ன தொழில் என்று கேட்டார். "தோசை மாஸ்டர்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. எந்தப் பல்கலைக்கழகம் என்றார். எந்த ஊர் என்று கேட்கிறார் என்று நினைத்து, "தாம்பரம்" என்றேன். அவரும் தட்டச்சு செய்துகொண்டார். அதைத் திருத்த இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. ஐந்தாம் வகுப்பு என்று சொன்னேன். அவர்கள் கணினியில் அதற்குக் கட்டம் இல்லை. கடைசியில் 'இதர' என்று ஒரு கட்டம் கிடைத்தது. இந்த நாட்டு அரசாங்கத்துக்கு நான் இன்றுவரை 'இதர'தான்.

அடுத்த முறை நிவியைக் கூட்டிக்கொண்டு போனேன். மேசை உயரம்கூட இல்லை, எம்பி நின்றுகொண்டு எனக்காகப் பேசினாள். ஆஸ்பத்திரியிலும் அவள்தான், வீட்டு உரிமையாளரிடமும் அவள்தான். நான் பின்னால் நின்று தலையாட்டுவேன். அப்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே இருப்பாள்.

பிறகு அவளுக்கு நண்பர்கள் வந்தார்கள். அறைக் கதவு மூட ஆரம்பித்தது. நண்பர்களோடு பேசும்போது லிமெரிக் இழுப்பில் பேசுவாள். அதில் பாதி எனக்குப் புரியாது. எங்களோடு பேசும்போது பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் நிற்பவள் போலப் பேசுவாள். பேச்சு குறையக் குறைய, அவளுக்கு வேண்டியதை நான் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வரப் பழகினேன். தோசைத் தட்டு, பிறந்தநாள் சட்டை, பஸ் கட்டணம், குளிருக்குக் காலுறை. வைப்பேன், கதவை ஒரு தட்டுத் தட்டுவேன், கீழே இறங்கிவிடுவேன்.

3

ஞாயிறு மதியங்களில் எங்கள் சாப்பாட்டு மேசையில் அந்த விளையாட்டு நடக்கும். நம் பக்கத்தில் பலருக்குத் தெரிந்திருக்காது என்பதால் சொல்கிறேன். பலகை கிடையாது, காய்கள் கிடையாது. ஒருவன் கதை சொல்லிக்கொண்டு போவான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். காடு வருகிறது, குகை வருகிறது, அரக்கன் வருகிறான். உன் பாத்திரம் என்ன செய்யும் என்று கேட்பான். நீ சொல்ல வேண்டும். பலிக்குமா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை முடிவு செய்யும்.

கதை சொல்பவன் கானர். ஒல்லியான பையன், பெட்ரோல் பங்கில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறான். போலந்துக்காரப் பையன் கூபா பெரிய வாள் வைத்திருக்கும் வீரன். என்னுடைய பெயரே 'அப்பா' என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தான். "அப்பா, இன்னும் கொஞ்சம் சட்னி!" என்று அவன் கூப்பிட்டால் நான் ஓடுவேன். நிவியின் பாத்திரம் ராணி என்ற வில்லாளி. பள்ளியில் இவர்களோடு ஆட ஆரம்பித்த நாளிலிருந்து, நாலு வருஷமாக, அவள் ராணிதான். நாலாவது ஆள் ஈஃபா என்ற பெண். அவள் பாத்திரம் ரசவாதி.

நம் ஊரில் ரசவாதி என்றால் செம்பைத் தங்கமாக்குகிறேன் என்று வருகிறவன். பெருங்களத்தூரில் டயர் கடை வைத்திருக்கும் என் மச்சானிடம் போனில் இதைச் சொன்னபோது, "இன்னா மாமா, ரசவாதியா? இங்க அந்தப் பேர்ல ஒருத்தன் இரிடியம் வெச்சிகினு கீறேன்னு ஊரையே மொட்டையடிச்சிட்டு ஓடிட்டான். போலீஸ் தேடிக்கினு கீது. பாப்பா சகவாசம் சரியில்லையே" என்றான்.

இந்த விளையாட்டின் ரசவாதி தங்கம் செய்வதில்லை. விடியலில் எழுந்து குடுவைகளில் கலவைகள் தயாரிப்பான். ஒன்று காயத்தை ஆற்றும். ஒன்று வீசினால் தீப்பிடிக்கும். ஒன்றைக் குடித்தால் இருட்டில் கண் தெரியும். காலையில் கலக்கியது அன்றைக்குத்தான். மறுநாள் வீரியம் போய்விடும், புதிதாகக் கலக்க வேண்டும். தோசைத் தட்டோடு கதவருகே நின்று இதைக் கேட்ட அன்றே எனக்கு அந்த ஆளைப் பிடித்துவிட்டது. முப்பது வருஷமாக நான் மாவோடு செய்வதும் அதுதானே. இன்னொன்றும் பிடித்தது. வாள்காரன் முன்னால் நிற்பான், வில்காரி பக்கத்தில் நிற்பாள். ரசவாதி எல்லோருக்கும் பின்னால் நின்று, வேண்டியவருக்கு வேண்டியதை எடுத்துக் கொடுப்பான். கூச்சக்காரனுக்கென்றே செய்த வேலை.

போன மாதம் ஈஃபா ஸ்காட்லாந்துக்குப் படிக்கப் போய்விட்டாள். கதையின் கடைசி ஆட்டம் பாக்கி இருந்தது. ரசவாதி இல்லாமல் போனால் எல்லோரும் சாவார்கள் என்று கானர் சொன்னான்.

நிவி சமையலறைக்கு வந்தாள். "அப்பா, ஞாயித்துக்கெழம நீங்க ஆடறீங்களா?"

"நானா? எனக்கு இங்கிலீஷ் வராதே."

"குமாரு, வந்து உக்காருன்னு சொன்னா உக்காரத் தெரியும்ல? அது போதும்."

மகள் என்னைக் கடைசியாகப் பெயர் சொல்லிக் கிண்டல் செய்தது அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது. எனக்குத் தலைகால் புரியவில்லை. உணவகத்தில் கெஞ்சிக் கூத்தாடி ஞாயிறு மதியம் விடுப்பு வாங்கினேன்.

4

கானர் ஈஃபாவின் தாளை என்னிடம் கொடுத்து, அவளுடைய ரசவாதியிடம் என்னென்ன இருக்கிறது என்று படித்துக் காட்டினான். கந்தகம், பாதரசம், அன்றைய குடுவைகள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சின்னத் தோல் பையில் ஒரு சிட்டிகை வெள்ளை உப்பு. ஈஃபா பல மாத ஆட்டமாகக் காய்ச்சி வடித்துச் சேர்த்தது. உடம்பு கல்லாகிக்கொண்டிருப்பவர் நாக்கில் அதை வைத்தால் பிழைத்துக்கொள்வார். ஒரு முறைதான் வரும்.

முதலில் வாயே திறக்கவில்லை. கூபாவுக்குக் காயம் பட்டபோது, "ஆத்தற குடுவையைக் குடுக்கறேன்" என்று நிவியிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். அடுத்த முறை நானே சொன்னேன். கூபா மேசையைத் தட்டி, "அப்பாவுக்கு ஜே!" என்ற மாதிரி ஏதோ கத்தினான். எனக்கு வியர்த்துவிட்டது.

நடுவில் கதை ராணியின் ஊருக்கு வந்தது. கானர் ஒரு படத்தை விரித்தான். நிவி வரைந்ததாம். ஒரு ஏரி, கரையை ஒட்டி வீடுகள், ஒரு பக்கம் ரயில் பாதை மாதிரி ஒரு கோடு. ஏரிக்குப் பெயர் 'பிர்க்கன்'.

"இது நம்ம ஏரிதானா நிவி?"

"ம்."

"அப்ப ராணி?"

"நம்ம தெரு நாயிப்பா. ஏரியில நீஞ்சுமே."

மறந்தே போயிருந்தேன். செம்பட்டை நிறத்தில் ஒரு தெருநாய், குழந்தைகள் வீசும் குச்சிக்காக ஏரியில் குதிக்கும். அங்கிருந்து கிளம்பும்போது நிவிக்கு என்ன வயது இருக்கும்? அவளுக்கு ஊர் ஞாபகமே இருக்காது என்று நானும் செல்வியும் பல நாள் பேசி வருத்தப்பட்டிருக்கிறோம்.

அந்த ஏரிக் கரையில்தான் கடைசிச் சண்டை. பெரிய பல்லி போன்ற ஒரு மிருகம். அதன் கண்ணைப் பார்த்தவர் கல்லாவார். ராணி அதைக் குறி வைக்கும்போது பார்த்துவிட்டாள். கால் கல்லாயிற்று. இடுப்பு கல்லாயிற்று. அவள் பக்கத்தில் என் ரசவாதி.

"அப்பா, உப்பு!" நிவி மேசைக்குக் குறுக்கே நிஜமாகவே கையை நீட்டினாள்.

"உப்பை எடுக்கறேன். அவ பக்கத்துல பாறை மேல வைக்கிறேன்" என்றேன்.

கானர் என்னைப் பார்த்தான். "வைக்கிறீர்களா? கையில் கொடுக்கவில்லையா?"

"வைக்கிறேன்."

"நிச்சயமாக?"

"ஆமாம்."

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உப்பை யார் கையில் கொடுப்பார்கள்? கொடுத்தால் சண்டை வரும், உறவு முறியும். கீழே வைக்க வேண்டும், வேண்டியவர் எடுத்துக்கொள்ள வேண்டும். மெஸ்ஸில் இருந்தபோது, சாம்பார் போடும் மணி அண்ணாவும் பரோட்டா போடும் சேகரும் ஒரு பொங்கலிலிருந்து சித்திரை வரைக்கும் பேசிக்கொள்ளவில்லை. அவசரத்தில் ஒருவர் கையில் ஒருவர் உப்பைக் கொட்டியதுதான் காரணம் என்று சமையற்கட்டே சொன்னது. உண்மையில் சண்டை மின்விசிறி யார் பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்காக. ஆனாலும் உப்பின் மேல்தான் பழி. அன்றைக்கு நான் யோசித்து வைக்கவில்லை. யோசிக்காமல் வந்த வாக்கு அது.

விளையாட்டில் கணக்கு வேறு. கையில் கொடுத்திருந்தால் ராணி உடனே வாயில் போட்டிருக்கலாம். கீழே இருப்பதை எடுக்கக் குனிய வேண்டும். இடுப்புவரை கல்லானவள் எப்படிக் குனிவாள்? கானர் நிவியைப் பகடை உருட்டச் சொன்னான். உருட்டினாள். விழுந்த எண் போதவில்லை.

ராணியின் தோள் கல்லாயிற்று, நீட்டிய கையும் கல்லாயிற்று. மிருகத்தைக் கூபா வெட்டிவிட்டான். அவர்கள் ஜெயித்துவிட்டார்கள். கதை முடிந்தது.

5

பையன்கள் போன பிறகு நிவி பகடைகளை டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"உப்பு நிவி அது" என்றேன். "கையில குடுத்தா..."

"சண்டை வரும். தெரியும்பா. நாலு வருஷமா நான்தான்ப்பா ராணி." டப்பாவை மூடினாள். "அது நம்ம வூட்டு கிச்சன் இல்ல. நான் கைய நீட்டிக்கினு இருக்கேன், நீங்க பாறை மேல வைக்கிறீங்க."

"தப்புதான்."

"தப்பு இல்ல. நீங்க எப்பவுமே இப்டித்தான். என் கையில எதையாச்சும் குடுத்திருக்கீங்களா? எல்லாத்தையும் கதவுக்கு வெளிய வெச்சிட்டு எறங்கிப் போயிடுவீங்க. நான் தொறக்கறதுக்குள்ள ஆளே இருக்க மாட்டீங்க."

மாடிக்குப் போய்விட்டாள். கதவு மூடிய சத்தம் கேட்டது. அவள் சாப்பிடாததால் தட்டில் தோசை எடுத்துக்கொண்டு மேலே போனேன். கதவருகே குனிந்து வைக்கப் போனவன், வைக்க முடியாமல், தட்டையும் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். செல்வி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க இது, தேரோட்டமா? தட்டு ஏறுது, எறங்குது" என்று வாங்கி அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மச்சானுக்குப் போன் செய்தேன். முழுதாகக் கேட்டான்.

"மாமா, நீ செஞ்சதுதான் கரெக்ட்டு. உப்ப கையில குடுத்திருந்தா பேஜாராயிருக்கும். சண்டை வந்திருக்கும்."

"குடுக்காமலே வந்துடுச்சே மச்சான்."

போனில் ஜி.எஸ்.டி. ரோட்டு ஹாரன் கேட்டது. "அப்ப அந்த ஊரு உப்பு வேற போல கீது மாமா" என்றான். பிறகு பேச்சை மாற்ற, வெளியூர் பஸ்ஸெல்லாம் கிளாம்பாக்கத்துப் புது நிலையத்துக்குப் போனதிலிருந்து பெருங்களத்தூரில் வியாபாரமே படுத்துவிட்டது என்று புலம்பினான்.

தாம்பரத்தில் மனசு சரியில்லை என்றால் ரயில் தண்டவாளத்துக்கு மேலே போகும் நடைபாலத்தில் மேற்கிலிருந்து கிழக்கே, கிழக்கிலிருந்து மேற்கே நடப்பேன். அங்கே எப்போதும் கூட்டம். இடித்துக்கொண்டும் திட்டு வாங்கிக்கொண்டும் போவதற்குள் மனசு வேறு பக்கம் போய்விடும். இங்கே ஆற்றங்கரையில் எதிரே வருகிறவர்கள் விலகி வழிவிட்டுப் புன்னகைக்கிறார்கள். புன்னகைக்குப் பதில் புன்னகைத்தே களைத்துப் போகிறேன்.

6

புதன்கிழமை கானர் வேலை பார்க்கும் பெட்ரோல் பங்குக்குப் போனேன். வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போயும், கடைக்குள் நுழைந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. தேவையில்லாமல் ஒரு பால் டப்பாவை எடுத்துக்கொண்டு அவன் முன்னால் நின்றேன்.

ராணியைத் திருப்பித் தா என்பதற்கு, "ராணி. பேக். ப்ளீஸ்" என்றேன்.

பின்னால் நின்றவர், பால் டப்பாவைத் திருப்பித் தர வந்திருக்கிறேன் என்று நினைத்து, ரசீது வேண்டுமே என்றார். கானர் அவரை முதலில் அனுப்பினான்.

"என்னால் முடியும்" என்றான் மெதுவாக, எனக்குப் புரிகிற மாதிரி. "கதை என்னுடையது. ஒரு மந்திரவாதி வந்தான், கல் கரைந்தது என்று சொல்லிவிடலாம். திங்கட்கிழமையே நிவியிடம் சொன்னேன். வேண்டாம் என்றாள்."

"ஏன்?"

"நடந்ததை நடக்கவில்லை என்று மாற்றினால், நாலு வருஷமாக நடந்தது எதுவுமே நடக்கவில்லை என்று ஆகிவிடுமாம். அவள் சொல்வது சரி, அப்பா. அதுதான் விளையாட்டு."

பால் டப்பாவோடு வெளியே வந்தேன். அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும். ஆனால் அவள் சரி என்பதுதான் என்னை உலுக்கியது. ஏரிக்கரையில் நீட்டிய கையோடு ராணி அப்படியே நிற்கப்போகிறாள். எந்தக் குடுவையாலும் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. சனிக்கிழமை பஸ் மட்டும் பாக்கி.

வீட்டுக்குப் போகாமல் ஊரில் உள்ள இந்தியக் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் கல்லுப்பு வாங்கினேன்.

7

சனிக்கிழமை செல்விக்கு முதியோர் இல்லத்தில் வேலை. வாசலிலேயே மகளைக் கட்டிக்கொண்டு அழுது, நெற்றியில் விபூதி வைத்துவிட்டுப் போனாள். நானும் நிவியும் பஸ் நிலையத்துக்குப் போனோம். வழியெல்லாம் மழை. குடை பிடித்தேன். இருவருக்கும் பேச்சில்லை, குடைக்காக ஒட்டி நடந்ததோடு சரி.

அவள் படிக்கப்போகும் கார்க் என்ற ஊருக்கான பஸ் வந்து நின்றது. ஓட்டுநர் அவள் பெட்டியை வாங்கி பஸ்ஸின் வயிற்றுக்குள் தள்ளினார். அப்போதுதான் என் சட்டைப்பையிலிருந்து உப்பு பாக்கெட்டை எடுத்தேன்.

"புது எடத்துக்கு மொதல்ல உப்புதான் போவணும். ரூம்ல நுழைஞ்சதும்..."

"தெரியும். அம்மா சொல்லிட்டாங்க."

சுற்றிலும் பார்த்தேன். தரை முழுக்கத் தண்ணீர். பெஞ்சில் ஒரு குடும்பம் பைகளோடு உட்கார்ந்திருந்தது. அவள் பெட்டி உள்ளே போய்விட்டது. பஸ்ஸின் படிக்கட்டு ஈரமாக இருந்தது. பாக்கெட்டோடு நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினேன்.

நிமிர்ந்தபோது அவள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"குடுங்கப்பா."

"கையிலயா?"

"கையிலதான்."

"சண்டை வரும் நிவி."

"வரட்டும். சண்டை போடறதுக்காச்சும் போன் பண்ணுவேன்ல?"

ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து எங்களையே பார்த்தார். நான் உப்பை அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் பாக்கெட்டோடு சேர்த்து என் விரல்களையும் பிடித்துக்கொண்டாள். கை சூடாக இருந்தது. பிறகு ஏறிவிட்டாள்.

பஸ் போன பின்னும் என் கால் நிற்கவில்லை. நிலையத்துக்குள்ளேயே நடந்தேன். நேர அட்டவணையைப் படித்தேன், படித்ததையே படித்தேன். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"அப்பா! உங்க உப்பு பாக்கெட்டு ஓட்டை! பை பூரா உப்பு! என் புது ஸ்வெட்டர்ல உப்பு! பக்கத்து சீட்டு ஆளு மடியில உப்பு!"

"நான் பாத்துத்தான் வாங்கினேன்."

"பாக்கல!"

"நீ ஒழுங்கா வெச்சிருக்க மாட்ட. எதுலயோ குத்தியிருப்ப."

"நான் குத்தலை! கொண்டாந்தது நீங்க! டப்பாவுல போட்டுக் குடுக்கத் தெரியாதா? முப்பது வருஷம் கிச்சன்ல இருக்கீங்க!"

"கடைக்காரன் குடுத்தான், வாங்கினேன். கத்தாத, பஸ்ல எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டும்! அவங்களுக்கு இன்னா புரியப் போவுது!"

எனக்கும் கோபம் வந்தது. நானும் சத்தம் போட்டேன். அந்த நிலையத்தில் என் குரலை அவ்வளவு உயரத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், நானே கேட்டதில்லை. வழியில் மாலோ என்ற ஊரைப் பஸ் தாண்டும் வரைக்கும் சண்டை போட்டோம். சிக்னல் போய்விட்டது. திரும்பவும் அவளே கூப்பிட்டாள், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

பெஞ்சில் இருந்த குடும்பம் எப்போதோ போய்விட்டிருந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டே உட்கார்ந்தேன்.